வால்வில் ஒரு சிவப்புக் கோடு

"சாமி, இன்ஜினைச் சரிபண்றதா, மாத்துறதா?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

சாமி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். "எந்த இன்ஜின்?" என்றார்.

"நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானே சாமி. பம்புசெட்டு இன்ஜின். காலையில சூடேறி நின்னுபோச்சு."

"உக்காருங்க ஐயா. இதுல பாதியை உரிங்க."

வைத்தியலிங்கம் உட்கார்ந்தார். உரிக்கவில்லை.

பச்சைமலை அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். சாமிக்கு வயது நாற்பத்தாறு. சீடர் வைத்தியலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுமாதமே ஞானம் தேடி வந்தவர். ஞானம் இன்னும் வந்தபாடில்லை. மேற்பார்வை மட்டும் அவரை விடவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் சாமி அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார். வைத்தியலிங்கத்துக்கு அது பிடித்திருந்தது.

மடத்துக் கிணற்றில் டீசல் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. மின் இணைப்புக்கு மனுக் கொடுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்ஜின் கொதித்துப்போகாமல் இருக்க, இறைக்கிற தண்ணீரிலேயே கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக அதற்குள் புகுந்து வெளியே வரும். உள்ளே போகும்போது பச்சைத் தண்ணீர். வெளியே வரும்போது இளஞ்சூடு. பம்புசெட்டுச் சுவருக்கு வெளியே அது விழும் இடத்தில்தான் மடத்தில் எல்லோரும் குளிப்பார்கள். மார்கழிப் பனியில் அதைவிட வேறு சொர்க்கம் கிடையாது. உலகத்தைத் துறந்து வந்த ஒன்பது பேரும் அந்த வெந்நீரை மட்டும் துறக்கவில்லை.

"பெரியண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் சாமி.

பெரியண்ணன்தான் இன்ஜின் ஓட்டுபவர். பத்தொன்பது வருடமாக அதை ஓட்டுகிறார். பம்புசெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் அவரும் மனைவியும் இரண்டு ஆடுகளும் குடியிருந்தார்கள்.

"அவன் என்ன சொல்லுவான்? வாயே தொறக்க மாட்டேங்கறான். தண்ணி போற வால்வு முக்காலே மூணு வீசம் மூடிக் கெடந்துச்சு சாமி. இன்ஜினை ஓடவிட்டுட்டு வயலுக்குப் போயிட்டான்."

"எதுக்குப் போனாரு?"

"வாய்க்கால் ஒடைச்சுக்கிச்சாம். கட்டிட்டு வர நேரமாயிடுச்சாம்."

"வாய்க்கால் ஒடைஞ்சா கட்டத்தானே வேணும்?"

"இன்ஜினை நிறுத்திட்டுப் போயிருக்கலாம்ல?"

அது நியாயமான கேள்விதான். சாமி இன்னொரு அவரைக்காயை எடுத்தார்.

வைத்தியலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர்போலப் பேசினார். "காத்துலயே ஆறிக்கற இன்ஜின் இருக்கு சாமி. தண்ணியும் வேண்டாம், வால்வும் வேண்டாம். பொத்தானை அமுக்குனா ஓடும். நேரம் வச்சா தானா நின்னுக்கும். ரெண்டு நாள்ல கொண்டுவந்து எறக்கிடுவாங்க. வெங்காயம் காய் பெருக்கற நேரம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒரு வாரம் தண்ணி விடறேங்கறாரு. அதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும்?"

"அப்பப் பெரியண்ணன்?"

"புது இன்ஜினுக்கு ஆளே தேவையில்லை சாமி. வேற எடம் பாத்துக்கட்டும்."

சாமியின் கை நின்றது. "இன்ஜினைத் தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்காமலே சொல்லலாம். முப்பது வருஷம் பாத்த கை இது."

"நாளைக்கு மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. தொறந்து பாத்துட்டுப் பேசுவோம்."

மறுநாள் காலை ஒன்பது பேரும் கிணற்றில் வாளி போட்டு இறைத்துக் குளித்தார்கள். மந்திரங்கள் வழக்கத்தைவிட வேகமாகவும் சத்தமாகவும் கேட்டன. சமையல் கோதண்டம் தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டு, குளித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குத் துறையூரிலிருந்து மெக்கானிக் சகாயம் வந்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித் தரையில் விரித்த சாக்கில் வைத்தார். அதன் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். வைத்தியலிங்கமும் குனிந்து பார்த்தார்.

"கேஸ்கட் போச்சு. ஹெட்டு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, லேத்துல குடுத்து ஒரு சீவு சீவினாச் சரியாயிடும்" என்றார் சகாயம். "பிளாக்கு நல்லாருக்கு. விரிசல் எதுவும் இல்லை. நாலு நாள் குடுங்க, ஓட்டிக் காட்டறேன்."

"நெசமாவா?" என்றார் வைத்தியலிங்கம். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

சகாயம் சாமியைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சாமி. இது ஒரு நாள் சூடு இல்லை. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்கு."

"பாத்தீங்களா! அப்பத் தெனமும் மூடி வச்சிருக்கான்!" என்றார் வைத்தியலிங்கம்.

பெரியண்ணன் மூலையில் நின்று கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் நின்ற அன்று கடைசியாகக் குளித்தவர் வைத்தியலிங்கம். வால்வு குளிக்கிற இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைக் கொஞ்சம் மூடினால் இன்ஜினுக்குள் தண்ணீர் மெதுவாகப் போகும், வெளியே வருவது நன்றாகச் சுடும். மற்றவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இன்ஜின்களோடு முப்பது வருடம் இருந்தவருக்கு இது தெரியும். அப்படி மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நேற்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புது இன்ஜின் வந்துவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது என்று நினைத்தார்.

சாமி எல்லோரையும் வரச் சொன்னார். ஒன்பது பேரும் பம்புசெட்டுச் சுவர் ஓரமாக வந்து நின்றார்கள்.

வால்வுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். சக்கரத்தில் ஒரு சிவப்புக் கோடும், குழாயில் ஒரு சிவப்புக் கோடும் இருந்தன. என்றோ பெரியண்ணன் போட்டது. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் சரியான அளவு. அங்கிருந்து ஒரு சுற்று திருகினால் முழுக்க மூடிவிடும்.

சாமி இரண்டு கோடுகளையும் நேராக வைத்தார். "குளிக்கிறப்ப அவங்கவங்க எவ்வளவு திருகினோமோ, அவ்வளவு திருகுவோம்" என்றார். "முதல்ல நான்."

அவர் ஒரு விரற்கடை அளவு மூடினார்.

சகாயம் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சாமி, நீங்களுமா?" என்றார் கோதண்டம்.

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் நல்லா இருந்தா என்னன்னு தோணுச்சு."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எனக்கென்ன பயம்?" என்று முன்னால் வந்து தன் பங்கைத் திருகினார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவரும் வந்தார். ஒருவர் அரை விரற்கடை என்றார். பக்கத்தில் நின்றவர் "பொய் சொல்லாதீங்க, அன்னைக்கு என் முதுகே வெந்துபோச்சு" என்று அவர் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் திருகவைத்தார். வேலை போகப்போகிற மனிதர் ஒருவர் அங்கே நிற்கிறார் என்பதைக் கொஞ்ச நேரம் எல்லோருமே மறந்துபோனார்கள்.

எட்டாவது ஆள் திருகியதும் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. இனி ஓர் எள்ளளவும் மூட முடியாது.

வைத்தியலிங்கத்தின் முறை வந்தபோது திருக ஒன்றும் மிச்சம் இல்லை.

"முடிஞ்சுதுபோல" என்றார் யாரோ.

சாமி வைத்தியலிங்கத்தைப் பார்க்கவில்லை. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியலிங்கம் அப்படியே போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் முன்னால் வந்து, சக்கரத்தைப் பிடித்து, கிட்டத்தட்டப் பாதிச் சுற்றுத் திறந்தார். பிறகு அந்தப் பாதியையும் திரும்ப மூடினார்.

"இது என்னோடது" என்றார். "எல்லாரையும்விட அதிகம். எனக்குத் தெரிஞ்சே செஞ்சேன்."

"பெரியண்ணே, உங்க பங்கு?" என்று கேட்டார் சாமி.

"நான் இங்க குளிக்கறதில்லீங்க சாமி. எனக்கு வாய்க்கால்தான்."

"குளிக்க வேண்டாம். தெனமும் வால்வுல நீங்க எவ்வளவு திருகுவீங்களோ, அதைத் திருகிக் காட்டுங்க."

பெரியண்ணன் தயங்கினார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இறுகிக் கிடந்த சக்கரத்தைப் பிடித்துத் திறந்தார். திறந்துகொண்டே போனார். சிவப்புக் கோடு குழாயின் சிவப்புக் கோட்டோடு சேர்ந்ததும் கையை எடுத்தார்.

"எல்லாரும் குளிச்சு முடிச்சதும், தெனமும் இவ்வளவுங்க" என்றார். "நேத்து வாய்க்கால் ஒடைஞ்சதுல கொஞ்சம் பிந்திட்டேன். என் மேலயும் தப்புதானுங்க."

"ஏன்யா சொல்லலை?" என்று கேட்டார் வைத்தியலிங்கம். கேட்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

"பெரியவங்க ஆசையாக் குளிக்கிறீங்க. அதுல போயி என்னத்தச் சொல்றதுங்க?"

வைத்தியலிங்கம் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். மசி ஏறிக் கறுத்த கைகள். "அவன் இவன்னு பேசிட்டேன். மனசுல வச்சுக்காதப்பா" என்றார். பெரியண்ணனுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

சாமி சகாயத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா ஒரு கேள்வி கேட்டாரு. சரிபண்றதா, மாத்துறதான்னு."

"சரிபண்ணலாம் சாமி" என்றார் வைத்தியலிங்கம், சகாயம் வாயைத் திறப்பதற்குள்.

சொன்னபடி நாலு நாளில் இன்ஜின் சரியாகிவிட்டது. பெரியண்ணன் கைப்பிடியைச் சுற்றிவிட்டதும் இருமிக்கொண்டு எழுந்து, பிறகு பழைய தாளத்திலேயே ஓட ஆரம்பித்தது. வெங்காய வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. கோதண்டம் யாரும் கேட்காமலே பாயசம் வைத்தார்.

அடுத்த நாள் காலை சாமி குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் லேசான சூட்டில்தான் வந்தது. பனி மலையடிவாரம் முழுக்க இறங்கியிருந்தது, சாமியின் பற்கள் தந்தியடித்தன.

வைத்தியலிங்கம் கையில் ஸ்பானரோடு வந்தார்.

"சாமி, இந்த வால்வுச் சக்கரத்தைக் கழட்டி என் பெட்டியில வச்சுப் பூட்டிடட்டுமா? பெரியண்ணன் கேக்கறப்ப மட்டும் எடுத்துக் குடுக்கறேன்."

"எதுக்கு?"

"இருந்தா யாராவது திருகிடுவாங்க."

"யாரு?"

வைத்தியலிங்கம் ஸ்பானரைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

சாமி ஒதுங்கி நின்று தண்ணீருக்கு அடியில் அவருக்கு இடம் விட்டார்.

"கழட்டிட்டா இன்ஜின் பொழைச்சுக்கும் ஐயா. நாம எப்பப் பொழைக்கிறது?"