நரி போட்ட பச்சைப் பாதை

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில், ஏரிக்குப் போவதற்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. கோடையில் ஏரியை விட்டால் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சிங்கராஜா நரியிடம் கொடுத்திருந்தது.

ஒவ்வொரு குடும்பமும் பாதைக்கென்று பழமும் கிழங்கும் நரியிடம் தர வேண்டும். அதைக் கூலியாக வாங்கிக்கொண்டு, மழை அரித்த இடங்களைக் காட்டுப்பன்றிகள் மண் தள்ளி நிரப்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு.

பழம் ஒழுங்காக வந்தது, குழந்தைகளே. வந்த பழம் நரியின் வயிற்றுக்குள் ஒழுங்காகப் போனது! கூலி கேட்டு அலுத்துப்போன பன்றிகள் வேறு காட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டன.

அடுத்த மழைக்குப் பாதை முழுக்கக் குழி. தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டி ஒன்று குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. தாய்மான் அழுதுகொண்டே போய்ச் சிங்கத்திடம் முறையிட்டது.

"நாளைக் காலையில் நானே வந்து பார்க்கிறேன்," என்றது சிங்கம்.

செய்தி கேட்ட நரி பாதைக்கு ஓடியது. இத்தனை குழியையும் ஒரே நாளில் யார் நிரப்புவது? யோசித்து யோசித்து, குழிகளின் மேல் குச்சிகளைப் பரப்பியது. குச்சிகள் தெரியாமல் பாதை நெடுகத் தேக்கிலைகளை அடுக்கியது. பொழுது சாய்வதற்குள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஆகிவிட்டது. தன் வேலையைப் பார்த்து நரிக்கே பெருமை தாங்கவில்லை.

காலையில் சிங்கம் வந்தது. பின்னால் காடே திரண்டு வந்தது.

"அடடா, கண்ணுக்கு என்ன குளிர்ச்சி! இப்படிப் பாதை போட்டவனுக்குத்தான் முதல் மரியாதை. நீயே எனக்கு முன்னால் நட!" என்றது சிங்கம் நரியிடம்.

நரி இரண்டடி பின்னால் நகர்ந்தது. "தங்களுக்கு முன்னால் அடியேன் நடப்பதா? அபசாரம், அரசே!"

"நட என்றால் நட!"

நரி நடந்தது. முதல் குழியைத் துள்ளித் தாண்டியது. அடுத்த குழிக்கு இடுப்பை நெளித்து ஒதுங்கியது.

"ஏனடா குதிக்கிறாய்?"

"சந்தோஷம், அரசே! தாங்கள் வந்த சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது!"

சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. அதுவும் துள்ளியது, நெளிந்தது. "அரசரே ஆடுகிறார்!" என்று முயலும் குரங்கும் கரடியும் அதே இடங்களில் அதே மாதிரி ஆடிக்கொண்டு வந்தன. ஆடிய புண்ணியத்தில் ஒருவரும் விழவில்லை. நரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வரிசையின் கடைசியில் யானை. "எனக்கு ஆட வராதப்பா," என்று அது நேராக நடந்தது.

சடசடவென்று குச்சிகள் ஒடிந்தன. யானையின் முன்னங்கால்கள் இரண்டும் குழிக்குள்!

"இது என்ன?" என்று உறுமியது சிங்கம்.

"யானையாரின் கனம், அரசே! இப்போதுதான் விழுந்த புதுக்குழி! மற்றபடி பாதையில் ஒரு குறையும் இல்லை."

"அப்படியா? எங்கே, ஆடாமல் நேராக நட, பார்ப்போம்."

வேறு வழியில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நரி நடந்தது. தொப்! கழுத்தளவு சேற்றில் கிடந்தது. மூக்கின் மேல் ஒரு தேக்கிலை.

"ஐயோ! இந்தப் பாழுங்குழியை யாராவது மூடக் கூடாதா?" என்று தன்னை மறந்து அலறியது.

"மூடலாமே," என்றது சிங்கம். "நீ ஏறி வந்த பிறகா, வருவதற்கு முன்பா?"

அன்று முதல் பழத்தைப் பங்கிடும் பொறுப்பு தாய்மானுக்கு வந்தது. பன்றிகள் திரும்பி வந்தன. அவற்றோடு சேர்ந்து நரி மண் சுமந்தது.

நீதி: பழுதை மூடி மறைத்தவன் காலை, அந்தப் பழுதே ஒருநாள் வாரிவிடும்.