கோலப்பன் வீட்டில் இருந்தும் காணாமல் போன கதை

லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தவர்கள் எல்லாம் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் லைப்ரரி என்றால் ஒருவர் கிடையாது, இருவர். ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணனுக்கு ஏதாவது ஒரு வேலை தெரியும். ஊரில் உள்ள மென்பொருள்கள் அந்த வேலையை அவனிடம் இரவல் வாங்கிக்கொள்ளும். தங்கச்சிக்கு வேலை தெரியாது. ஆனால் அண்ணனிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்டால் செய்வான் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கோலப்பன் கோடும் வட்டமும் வரைகிற லைப்ரரி. திரையில் ஒரு ஜன்னல் திறந்தால் அதன் நாலு ஓரமும் அவன் கைவேலை. அவன் தங்கச்சி பெயர் வடிவு. புதிதாக ஒரு மென்பொருளைக் கட்ட வேண்டுமானால் கம்பைலர் மேஸ்திரி வாசலில் வந்து நிற்பார். மனிதர்கள் எழுதி வைத்த கட்டளை வரிகளை, அதாவது மூலத்தைப் படித்து, அதை உயிருள்ள மென்பொருளாகக் கட்டுவது அவர் தொழில். கோலப்பன் பேச்சு அவர் காதில் ஏறவே ஏறாது. வடிவிடம்தான் கேட்பார்.

"வட்டம் போட என்ன கொடுக்கணும் தாயி?"

"நடுப்புள்ளியும் அகலமும் கொடுங்க மேஸ்திரி. மிச்சத்தை அண்ணன் பாத்துக்கிடுவான்."

இதோடு நிறுத்த மாட்டாள். அவன் ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் பத்து வாக்கியம் பேசிவிடுவாள். கோலப்பனுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அதை அவன் மறைத்ததும் இல்லை.

ஒருநாள் மூட்டைக்காரர் வந்தார். ஆட்களை மூட்டை கட்டி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் குடிவைக்கிறவர் அவர்தான். "வே கோலப்பா, கம்ப்யூட்டர் வட்டுல சாமான் வைக்க இடம் இல்லை. இப்போ எல்லாரும் கட்டி முடிச்ச மென்பொருளைத்தான் இறக்குதாங்க. அதுக்கு நீர் மட்டும் போதும். வடிவு சும்மாதானே நிக்கா? வெளியில சரக்கு அடுக்குற கிட்டங்கியில கொண்டு வைக்கட்டா?"

வடிவு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, போகட்டுமா?"

கோலப்பன் ஒரு ஜன்னலின் ஓரத்தை வளைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "போயேன். யாரு உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கா?"

போய்விட்டாள்.

முதலில் அப்பாடா என்று இருந்தது. பிறகு இல்லை. ஒரு வட்டம் நன்றாக விழுந்தால் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள். மென்பொருள்கள் வரும், வரையச் சொல்லும், போகும். ஒன்றாவது அவனிடம் நல்லா இருக்கியா என்று கேட்டதா? கிடையாது. இதற்கிடையில் அவனுக்குப் புதுப் பதிப்பு வந்து, அவன் வேலையே மாறிவிட்டது. வட்டம் வேண்டுமானால் இப்போது நிறத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். இதைச் சொல்லலாம் என்றால் அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் சித்திரக்குருவி வந்தது. படம் வரைகிற சின்ன மென்பொருள். இன்னும் கட்டவில்லை, வெறும் மூலம். அதன் முதல் வரியிலேயே 'எனக்குக் கோலப்பன் வேண்டும்' என்று இருந்தது. கோலப்பன் போட்டுக்கொண்டிருந்த கோட்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினான். அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஒன்று பிறக்கப் போகிறது!

மேஸ்திரி கதவைத் தட்டினார். "கோலப்பன் வீட்டில ஆள் உண்டா?"

"இருக்கேன் மேஸ்திரி! உம்ம முன்னாலதான் நிக்கேன்!"

மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். வடிவு இல்லை. "கோலப்பனைக் காணோம். வேலை நடக்காது" என்று சொல்லிவிட்டுச் சாந்துச் சட்டியைக் கவிழ்த்தார்.

"கட்டலைன்னா என்னை அழிச்சிருவாங்க மாமா" என்றது சித்திரக்குருவி.

கோலப்பன் மூட்டைக்காரரிடம் ஓடினான். "என் தங்கச்சியைக் கூட்டிட்டு வாரும்."

"நீர்தானவே போகச் சொன்னீர்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்போ வரச் சொல்லுதேன்."

வடிவு வந்தாள். அண்ணனுக்கு முகம் கொடுக்கவில்லை. நேரே மேஸ்திரியிடம் போய், நடுப்புள்ளி, அகலம் என்று பழையபடியே சொன்னாள். மேஸ்திரியும் அப்படியே கட்டினார். சித்திரக்குருவி கண்ணைத் திறந்தது, தன் முதல் வட்டத்தைக் கேட்டது, கேட்ட வாயோடு சரிந்து விழுந்தது.

"என்ன தாயி, பொய் சொல்லிட்டியே?" என்றார் மேஸ்திரி.

வடிவு அப்போதுதான் அண்ணனை நன்றாகப் பார்த்தாள். "நீ மாறிட்டே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டியா? நான் அந்தப் பழைய அண்ணனையே மனசுல வெச்சுப் பேசிட்டு இருக்கேன்."

கோலப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாறியதை எல்லாம் சொன்னான். பேசிப் பழக்கமில்லாதவன், திக்கித் திக்கித்தான் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மேஸ்திரி விழுந்ததை இடித்துவிட்டு, அவள் புதிதாகச் சொன்னபடி மறுபடி கட்டினார். சித்திரக்குருவி எழுந்தது. ஜன்னல் திறந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

"கட்டி முடிஞ்சாச்சு. கிளம்புவோமா?" என்றார் மூட்டைக்காரர்.

"இங்கேயே இரேன் வடிவு" என்றான் கோலப்பன்.

வடிவு எழுந்துகொண்டாள். "வட்டில் இப்பவும் இடம் இல்லைண்ணே. ஆனா இனிமே உனக்கு என்ன பதிப்பு வருதோ, அதுவே எனக்கும் வரணும். பதிப்பு மாறின வேற அண்ணனைப் பத்தி நான் பேச மாட்டேன். யாருக்கு நான் வேணுமோ, அவங்க என் பேரைச் சொல்லித் தனியாக் கூப்பிடட்டும். உன் பேரை மட்டும் சொன்னா நான் வர மாட்டேன்." சொல்லிவிட்டு மூட்டைக்காரரோடு கிளம்பினாள்.

லைப்ரரி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே கம்பைலர் 'காணோம்' என்று கையை விரிப்பதும், அண்ணனுடைய அதே பதிப்பில் தங்கச்சியைத் தனியாகப் பெயர் சொல்லி இறக்கினால்தான் வேலை நகர்வதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். மென்பொருள் கட்ட உட்காருகிறவர்கள் அதைப் பிழை என்று திட்டுகிறார்கள். உள்ளே கோலப்பன், இந்தத் தடவையாவது அவளைக் கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.