கரடி தெளித்த களைமருந்து

ஒரு காட்டில், மனிதரின் தோப்பை ஒட்டிய மேட்டில், அவசரக்காரக் கரடி ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமென்று ஒரே ஒரு மாமரம். மரத்துக்கு வயதாகி, கோடைக்குக் கோடை காய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. "நாளைக்கு என் குட்டி எதைத் தின்னும்?" என்று கவலைப்பட்ட கரடி, கொட்டைகளைப் புதைத்துப் பன்னிரண்டு கன்றுகளை வளர்த்தது.

மழை பெய்ததும் கன்றுகளைச் சுற்றிப் புல்லும் கோரையும் மண்டின. கரடி இரண்டு நாள் பிடுங்கிப் பார்த்தது. மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அப்போது தோப்பில் திருடிய டப்பாவோடு குரங்கு வந்தது.

"இது களைமருந்து, கரடியக்கா. தோட்டக்காரர் மாமரத்தடியில் இதைத்தான் தெளிக்கிறார். புல் சாகிறது, மரம் நிற்கிறது. என் கண்ணால் பார்த்தேன்."

பிள்ளைகளே, கரடி அவசரக்காரிதான். ஆனால் முட்டாள் அல்ல. முதலில் கிழ மரத்தடியில் தெளித்துப் பார்த்தது. பத்து நாளில் புல் கருகியது. மரத்தில் நாலு இலை வெளுத்ததோடு சரி. கரடிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கன்றுகளிடம் போன கரடியை, கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி மறித்தது.

"அக்கா, நான் பட்டை கடித்துப் பிழைப்பவன், கேள். கிழ மரத்தின் பட்டை காய்ந்தது. மருந்தை உள்ளே விடாது. வேர் வழியாகக் கொஞ்சம் ஏறினாலும், அத்தனை பெரிய உடம்பு அதை மெல்ல மெல்ல உடைத்துச் செரித்துவிடும். கன்றின் தண்டு இன்னும் பச்சை. பட்டதையெல்லாம் குடிக்கும், செரிக்கத் தெம்பு இருக்காது. நானும் கூட வந்து தோண்டுகிறேன். எட்டு நாளில் களை போய்விடும்."

"எட்டு நாளா?" என்று கரடி சிரித்தது. "தாய் மரமே தாங்கிவிட்டது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். உனக்குத் தெரியாதா?"

அன்று மாலைக்குள் டப்பா காலி.

பத்தாம் நாள் புல் கருகிக் கிடந்தது. கன்றுகளும் நுனியிலிருந்து சுருண்டு கருகின, பன்னிரண்டும். "நான் மரத்துக்குத்தானே சொன்னேன்" என்று குரங்கு கிளை தாவிப் போய்விட்டது.

கரடி ஒரு கன்றைத் தொட்டது. அது கையோடு வந்துவிட்டது. கரடி அழுதது.

பின்னாலேயே வந்த குட்டி, "அம்மா, களையெல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டது.

"ஒன்றுகூட இல்லை" என்றது கரடி.

நீதி: பெரியது தாங்கியதை வைத்துச் சிறியதன் வலிமையை அளக்காதே.