பாயும் ஷூவும்

கோயம்புத்தூரில், பெண்கள் விடுதி ஒன்றின் மூன்றாவது மாடியில், ஒரு கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி ஓட்ட ஷூ குடியிருந்தது. ஜோடி என்றாலும் இரண்டுக்கும் மனசு ஒன்றுதான், வாயும் ஒன்றுதான். அதனால் இந்தக் கதையில் அதை ஒற்றை ஆளாகவே வைத்துக்கொள்வோம்.

ஷூவின் சொந்தக்காரி இசக்கியம்மாள், பாளையங்கோட்டைக்காரி. கல்லூரி முடித்துவிட்டு இங்கே ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். உடம்பு கடையில் இருந்தது, மனசு காக்கிச் சட்டையில் இருந்தது. முந்தைய போலீஸ் தேர்வில் எழுத்துப் பரீட்சை தேறினாள், மைதானத்து ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், நீளம் தாண்டுதலில் ஒரு சாண் குறைந்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த தேர்விலும் குறைந்தால் ஊருக்குத் திரும்பி, அப்பா காட்டுகிற மாப்பிள்ளைக்குச் சரி சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாங்கிவிட்டார்கள் என்பதுதான் சரி.

"ஓட்டத்துல அவளை அடிச்சுக்க ஆளில்ல. அந்த மணல்தான் சதி பண்ணிட்டு," என்பது ஷூவின் கட்சி.

பகலெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்து அது பழசையே அசைபோடும். பாளையங்கோட்டை மைதானத்தில் விடியல் எப்படி இருக்கும்! பனியில் லேசாக இறுகிப்போன செம்மண், மிதித்தால் பிஸ்கட்டாக நொறுங்கும். சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருந்த பேக்கரியில் பன் வேகும் வாசனை ஒரு வளைவில் மட்டும் வரும். அந்த வளைவில் மட்டும் பெண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வேகம் குறைப்பார்கள். ஓடுபாதையில் படுத்திருக்கும் ஆடுகள் யாருக்கும் எழுந்து வழிவிடாது. இசக்கி பின்னலைச் சட்டைக் காலருக்குள் சொருகிக்கொண்டு, "ஏட்டி, கடைசியா வாரவ எல்லாருக்கும் பன்னு வாங்கணும்!" என்று ஒரு சத்தம் போடுவாள். அப்புறம் மைதானமே காலாகிவிடும்.

கோயம்புத்தூருக்கு வந்தபின் ஷூ படி இறங்கவே இல்லை. ஏன் என்று அதற்குத் தெரியாது. வேலை அசதி என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தது.

இப்படியிருக்க, கொரியரில் ஒரு நீலச் சுருள் வந்தது. பிரித்தால் புது ரப்பர் வாடை. உடற்பயிற்சி மேட். இசக்கியின் அறைத்தோழி ஸ்டெல்லாவும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, கட்டில் இருக்கையில பாய் வாங்கிருக்க?" என்றாள். அதிலிருந்து அதற்குப் பாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காலையில் இசக்கி பாயை விரிப்பாள். செல்போனைத் தண்ணீர் கேனில் சாய்த்து வைப்பாள். உள்ளேயிருந்து ஒரு பயிற்சிக்காரி கத்தத் தொடங்குவாள்: "உட்கார்! எழு! குதி! நிறுத்தாதே, உன்னால் முடியும்!" இசக்கி மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு உட்காருவாள், எழுவாள், குதிப்பாள். தொடை நடுங்கும். மூச்சு வாங்கும். வியர்வை பாயில் சொட்டும். எல்லாம் வெறுங்காலில்.

வெறுங்காலில்! ஷூவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இசக்கி குளிக்கப் போன நேரம் பார்த்து வாயைத் திறந்தது.

"ஏ பாயே, உன்னையத்தான். நீ வந்ததுலேருந்து அவ என்னைய எட்டிக்கூடப் பாக்கல, தெரியுமா?"

"நானா பார்க்க வேண்டாம்னு சொன்னேன்?" என்றது பாய்.

"ஓட்டம்னா இங்க கெளம்பி அங்க போய்ச் சேரணும். ஒம்மேல ஏறி அவ இந்தக் குதி குதிக்காளே, எங்க போய்ச் சேந்தா? நின்ன எடத்துலதான நிக்கா?"

"நின்ன இடத்துல நிக்கவும் பலம் வேணும்ல?"

"பாய்னா படுக்கதுக்குன்னுதான் ஊர்ல சொல்லுவாவ. அவளையும் படுக்கப் போட்டுராத."

கேனில் சாய்ந்திருந்த செல்போன் குறுக்கே புகுந்தது. "அருமை! சண்டையை இன்னும் இரண்டு சுற்று போடுங்கள்! நடுவில் ஓய்வு கிடையாது!"

"நீ சும்மா கெட," என்றன ஷூவும் பாயும் ஒரே குரலில். அவை இரண்டும் முதன்முதலாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பாய் கொஞ்சம் தணிந்து சொன்னது: "அவளுக்கு உன்னைப் பிடிக்காம இல்ல. கீழே கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க. அதான் என்னை வாங்கினா."

"எந்தக் கேட்டு?"

அதற்குப் பதில் மறுநாள் காலையில் படியேறி வந்தது. வந்தவர் வார்டன் கிருஷ்ணவேணி. இசக்கி அப்போது குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, தெனமும் காலைல இந்த இடி இடிக்கறியே? கீழ் ரூம்புக்காரிக தூங்கவே முடியலீங்கறாளுக."

இசக்கி பாட்டில்களைக் கீழே வைத்தாள். "அப்ப கேட்டத் தொறங்க மேடம். நான் வெளிய போய் ஓடிக்கிடுதேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ஆறு மணிக்குத் தொறக்கறமே! அப்பறம் ஓடு, ஆரு வேண்டாங்கறா?"

"ஆறு மணிக்கு மேல ரோட்டுல பஸ் ஓடுது, லாரி ஓடுது. நான் எங்க ஓட?"

"எல்லாம் உன்ற பாதுகாப்புக்குத்தான் கண்ணு."

"எதிர்த்தாப்புல பசங்க விடுதியில இருட்டோட மட்டையத் தூக்கிட்டுக் கெளம்புதாங்களே, அவங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

"அவனுக பசங்க. அவனுகளுக்கு என்ன பயம்?"

"அவங்களுக்குப் பயம் இல்லங்கீங்களா, அவங்களாலதான் பயம்ங்கீங்களா? அவங்களாலன்னா பூட்ட அங்க போடுங்க மேடம். தப்பான கேட்டுல தொங்குது."

ஸ்டெல்லா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பதில் அகப்படாதபோது பெரியவர்கள் செய்வதையே வார்டனும் செய்தார், பாதி கொடுத்தார்.

"இந்த வாய்க்கே உனக்குப் போலீஸ் வேலை குடுக்கோணும். ஞாயித்துக்கெழம மட்டும் நேரத்துலயே சாவி தாறேன். ஆனா தனியாப் போகக் கூடாது. இந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போ."

தலையணைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. "மேடம், நான் என்ன பாவம் செஞ்சேன்?"

கட்டிலுக்கடியில் ஷூ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அது இத்தனை நாள் பாயோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. நிஜச் சண்டைக்காரி ஒருத்தி பூட்டு உருவத்தில் கீழே இரும்பில் தொங்கிக்கொண்டிருந்தது அதற்குத் தெரியவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இசக்கி கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அந்த இறுக்கத்திலேயே ஷூவுக்குப் பழைய நாளெல்லாம் திரும்பிவிட்டது. குளத்தங்கரையில் ஈரக் காற்று. நாரைகள் இன்னும் தூக்கம் கலையவில்லை. ஸ்டெல்லா கொட்டாவி விட்டபடி ஒரு சிமென்ட் பெஞ்சில் சாய்ந்தாள். "நீ ஓடுட்டி. நான் பாதுகாப்புக்கு இங்க தூங்குதேன்."

இத்தனை மாதம் ஓடாத கால் என்ன ஆகுமோ என்று ஷூ பயந்திருந்தது. முன்பெல்லாம் தூரம் போகப் போக இசக்கியின் முட்டி உள்பக்கமாகச் சாயும். அதனால் ஷூவின் அடிப்பாகம் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தது. கரையின் ஏற்றம் வந்தது. ஷூ தன் தேய்ந்த விளிம்பில் அவளைத் தாங்கத் தயாராகக் காத்திருந்தது. முட்டி சாயவே இல்லை. பாதம் நேராக விழுந்தது, நேராக எழுந்தது. யாரோ தனக்குத் தெரியாமல் அவள் காலுக்கு நடை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று ஷூவுக்குத் தெரியும். அதுதான் கடுப்பு.

அறைக்குத் திரும்பியதும் பாய் ஆசையாய்க் கேட்டது. "எப்படி ஓடினா?"

"என்னமோ ஓடுனா," என்றது ஷூ, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அதன்பின் ஞாயிறு ஷூவுக்கு, மற்ற நாள் பாய்க்கு என்று ஆயிற்று. ஷூவுக்கு வாரம் முழுக்க நினைத்துக்கொள்ள இரண்டு விஷயம் கிடைத்தது: பழைய பாளையங்கோட்டை, போன ஞாயிறு. இதற்கும் அதற்கும் நடுவே அது வாழ்ந்தது. பாயை மட்டும் மன்னிக்கவில்லை. பழைய நாட்களில் பாய்க்கு இடமில்லையே, அதை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

தேர்வு நாளும் வந்தது.

முதலில் ஓட்டம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இசக்கி ஓடினாள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அடுத்தது நீளம் தாண்டுதல். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. முதல் வாய்ப்பில் கோட்டை மிதித்துவிட்டாள். கொடி சிவப்பாக உயர்ந்தது. இரண்டாவதில் கால் முன்னாடியே எழும்பி, தூரம் குறைந்துபோயிற்று. கடைசி வாய்ப்பு ஒன்றுதான் மிச்சம். அது போனால் ஊர், அப்பா, மாப்பிள்ளை.

போன தடவையும் இதே இடத்தில்தான் அவள் கால் வாழைத்தண்டாகிப் போனது.

இசக்கி பின்னலைக் காலருக்குள் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். ஷூ உயிரைக் கொடுத்து ஓடியது. மிதித்து எழும்ப வேண்டிய பலகை நெருங்கியது. கம்பி வேலிக்கு வெளியே நின்ற ஸ்டெல்லாவின் தொண்டை கிழிந்தது.

"பாய்ட்டி, இசக்கி! பாய்!"

ஷூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயுமா? ஓடி வந்தது நான், தூக்கி வந்தது நான், கடைசி நொடியில் கூப்பிடுவது அதன் பெயரையா? அது அறையில் விரித்தபடி படுத்துக் கிடக்கிறது, அதை எதற்கு இங்கே—

அதற்குள் பாதம் பலகையில் விழுந்தது.

விழுந்த பாதம் அழுத்தியது. ஷூ தன் ஆயுளில் அப்படி ஓர் அழுத்தத்தை அறிந்ததில்லை. உட்கார்ந்து எழுந்த காலைகளெல்லாம், மணல் பாட்டில் கனத்த காலைகளெல்லாம் அந்த ஒரு மிதியில் ஒன்றாக இறங்கின. பலகை வரை கொண்டுவந்து சேர்த்தது ஓட்டம். பலகையை விட்டு எழுப்பியது ஓட்டமில்லை.

தரை போய்விட்டது. காற்றில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஷூவுக்குத் தமிழ் புரிந்தது. பாய் என்பது விரித்துப் படுக்கிற சாமானின் பெயர் என்றே நினைத்திருந்தோமே! அது ஏவலாயிற்றே. எழும்பு, தாவு, போ என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்கிற சொல்லாயிற்றே.

இரண்டு காலும் மணலில் புதைந்தன. அளவு நாடாவைப் பிடித்த அதிகாரி குனிந்து பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். கையில் வெள்ளைக் கொடி. "தேர்ச்சி. எந்திரிம்மா."

இசக்கி எழுந்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடியே சிரித்தாள், பிறகு அழுதாள்.

"ஏ கூறுகெட்டவளே, எந்திரிட்டி!" என்று வேலிக்கு வெளியிலிருந்து கத்தின ஸ்டெல்லாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "பொறத்தால நிக்கவளும் குதிக்க வேண்டாமா?"

சாயங்காலம் அறைக்கு வந்ததும், காலையில் விரித்துப் போட்ட பாயின் மேலேயே இசக்கி பொத்தென்று உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, அந்த மாப்பிள்ளைட்ட வேற எடம் பாக்கச் சொல்லிருங்க," என்றாள். பேசிக்கொண்டே கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து மணல் சரிந்து பாயின் மேல் கொட்டியது.

"தட்டி விடுட்டி, பாய் பாழாப் போகுது," என்றாள் ஸ்டெல்லா.

"கெடக்கட்டும்," என்றாள் இசக்கி. இருவரும் சாப்பிட இறங்கிப் போனார்கள்.

ஷூ பாயின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இவ்வளவு கிட்டத்தில் இரண்டும் இருந்ததில்லை. பழைய சண்டையை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்று ஷூவுக்குப் பிடிபடவில்லை. பாய்தான் முதலில் பேசியது. வழவழப்பான மூன்றாம் மாடித் தரையைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பாய் அது.

"என்னமோ குத்துதே," என்றது.

"குத்தத்தான் செய்யும்," என்றது ஷூ மெதுவாக. "அதுக்குப் பேருதான் மண்ணு."