பவுனம்மாவின் கூரைக்காக ஓடியவர்கள்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. வள்ளியூர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. அவரும் அங்கே இல்லையாம். அவருடைய மைத்துனர் இருந்தாராம். மைத்துனர் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர் என்று அவரே ஒப்புக்கொண்டதால், கேட்டதில் பாதியைத்தான் எழுதுகிறேன். குறைத்தும் இவ்வளவு மிஞ்சியது.

கள்ளிப்பண்ணையில் சுடலையாண்டி, பலவேசம், கொம்பையா என்று மூன்று பேர். மூவரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். தனியாக யோசிக்கப் பயம்.

ஊரிலிருந்து தொலைவில், நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு மிருகக் காப்பகம் உண்டு. சர்க்கஸில் நெருப்பு வளையம் தாண்டித் தாண்டி ஓய்ந்துபோன பெண் சிங்கம் ஒன்று அங்கே இருந்தது. பெயர் பவுனம்மா. ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர்கள் போய், அது கொட்டாவி விடுவதைப் பார்ப்பார்கள். அது விட்டால் இவர்களும் விடுவார்கள். அந்த அளவுக்குச் சிநேகம்.

பவுனம்மாவின் கூரை ஒழுகத் தொடங்கியது. மழைக்கு முன்னால் புதுக் கூரை போடாவிட்டால் அதை வடக்கே எங்கேயோ அனுப்பிவிடப் போவதாகக் காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அங்க போனா அதுக்குப் பாஷை புரியாதே," என்று பலவேசம் அழுதான்.

மூவரும் மரக்கடை ஞானதிரவியம் அண்ணாச்சியிடம் போனார்கள். அவர் நல்லவர். ஆனால் சும்மா கொடுத்தால் கொடுத்தது யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்.

"வெளியூர்ல எல்லாம் ஓடிக் காட்டித்தான் நிதி சேக்காங்க," என்றார். "என் கடை வாசல்ல இருந்து ஓடுங்க. பொழுது சாயறதுக்குள்ள மூணு பேரும் காப்பகத்துக் கதவைத் தொட்டா, கூரை என் பொறுப்பு."

மறுநாள் விடிந்ததும் கடை வாசல் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினார்கள். தெருமுக்கில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்கலே ஓடுதிய?" என்றார்.

மூவரும் அப்படியே நின்றார்கள்.

அந்தப் பக்கத்தில், கிளம்புகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். மற்றவர்கள் கேட்டவரை மனதுக்குள் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"நம்ம சொந்தக் காரியம்னா போயிரலாம்," என்றான் சுடலையாண்டி. "இது சிங்கத்துக் காரியம்."

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடினார்கள். பூக்காரம்மா கேட்டாள். திரும்பினார்கள். தபால்காரர் கேட்டார். திரும்பினார்கள். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் முகத்து நுரையோடு எட்டிப் பார்த்துக் கேட்டார். கடைக் குடம் காலியாயிற்று. ஓடினால் மூன்று வயிறும் களக் களக் என்று சத்தம் போட்டன. பாதி நேரம் ஓட்டம், மீதி நேரம் வேலியோரம்.

"முன்கூட்டியே சொல்லி வச்சிருவோம்," என்று கொம்பையா முன்னால் ஓடிக் கூவினான்: "எங்கள யாரும் எங்க போறியன்னு கேக்காதீங்க!"

"ஏன்டே, எங்க போறிய?" என்று தெருவே கேட்டது.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நம்மள ஏன் கேக்காங்க?"

"நாம போறதால."

"வாறவனப் பாத்து யாராவது எங்க போறன்னு கேப்பானா?"

"கேக்கமாட்டான். எப்ப வந்தன்னு கேப்பான்."

"அப்ப நாம வந்துருவோம்," என்றான் சுடலையாண்டி.

"எங்க?"

"போற இடத்துக்குத்தான். மூஞ்சிய ஊரைப் பாத்து வச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடினா, பாக்கறவனுக்கு நாம வாற ஆளு."

மற்ற இருவரும் சுடலையாண்டியைப் பக்தியோடு பார்த்தார்கள். விதிப்படி சரியா என்று அண்ணாச்சியிடம் கேட்டார்கள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "தலைகீழா வேணும்னாலும் போங்கலே!"

பலவேசம் உடனே கையை ஊன்றிக் காலைத் தூக்கினான். மரத்தூளில் விழுந்தான். "பின்னாலயே போயிருவோம்," என்றான்.

யோசனை அருமையாகப் பலித்தது. "எப்ப வந்திய?" என்று வழியெல்லாம் விசாரித்தார்கள். "இன்னும் வரலை," என்று மூவரும் உண்மையைச் சொன்னார்கள். ஒரு வாய்க்காலில் விழுந்தார்கள். எழுந்தபோது எந்தப் பக்கம் வந்த பக்கம் என்று தெரியாமல், ஒரு எருமை பார்த்த திசைக்கு எதிர்த்திசையில் ஓடினார்கள். எருமை தப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் வழி சரியாகிவிட்டது. சாவு விழுந்த ஒரு துஷ்டி வீட்டுக்குள் முதுகு வழியாக நுழைந்துவிட்டார்கள். போகிறவர்கள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட, கொல்லைப்புறமாக வெளியே வந்தார்கள். அண்ணாச்சி லோடு ஆட்டோவில் பின்தொடர்ந்தார். அதாவது, இவர்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் காப்பகம் வந்தது. கதவருகே காவலர் செல்லையா மாலையோடு காத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது மூன்று முதுகுகள். வந்தவர்கள் தொடாமலே கிளம்புகிறார்கள் என்று பதறிப்போய்க் கத்தினார்.

"ஏய், எங்கப்பா போறிய?"

மூவரும் நின்றார்கள். கதவுக்கு ஒரு முழம் இருந்தது.

"தொடுங்கலே!" அண்ணாச்சி ஆட்டோவிலிருந்து குதித்தார்.

"தடை விழுந்துட்டு அண்ணாச்சி."

"ஒரு முழம்தாம்லே!"

"முழத்துலதான் அண்ணாச்சி காரியம் கெடும்."

"தொடவே வேண்டாம். கூரை தாரேன். ஆள விடுங்க!"

"தொடாம வாங்கினா அது பிச்சை. பவுனம்மா பிச்சைக் கூரைக்குக் கீழ படுக்காது."

உள்ளே பவுனம்மா கொட்டாவி விட்டது. பலவேசம் அழுதுகொண்டே பதில் கொட்டாவி விட்டான். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஊருக்குப் போய்த் திரும்ப நேரமில்லை.

"கிளம்பின இடத்துல போய் உக்காரணும், அவ்வளவுதானே?" என்றான் கொம்பையா. "நாம எங்க இருந்து கிளம்பினோம்?"

"பெஞ்சுல இருந்து."

"பெஞ்சு ஊர்லதான் இருக்கணும்னு இருக்கா?"

மூவரும் நெடுநேரம் யோசித்து, அப்படி இல்லை என்று முடிவு செய்தார்கள். அண்ணாச்சியே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு பறந்தார். அவர் பெஞ்சோடு வரும்வரை மூவரும் வைத்த அடியை மாற்றவில்லை. கொசுவைக்கூடச் செல்லையாதான் அடித்துக் கொடுத்தார்.

பெஞ்சு வந்தபோது இருட்டிவிட்டது. மூவரும் உட்கார்ந்தார்கள். பவுனம்மாவின் தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். அண்ணாச்சி ஒரு கையால் செல்லையாவின் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் டார்ச் அடித்தார்.

"பொழுது சாஞ்சிட்டே அண்ணாச்சி," என்றான் சுடலையாண்டி நேர்மையாக.

"யாரு சொன்னா? இந்தா, வெளிச்சம் இருக்குல்லா!"

மூவரும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். இருந்தது. எழுந்து கதவைத் தொட்டார்கள்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. மனம் கேட்காமல் போன மாதம் நானே காப்பகத்துக்குப் போய் வந்தேன். கூரை இருக்கிறது, ஒழுகவில்லை. பவுனம்மாவும் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் பெயர்ப் பலகையைத்தான் எங்கும் காணோம். கேட்டேன். கூண்டுக்குள்ளே, தரையிலிருந்து சாண் உயரத்தில், உள்பக்கம் பார்த்து மாட்டியிருப்பதாகச் செல்லையா காட்டினார். கூரை வாங்கிக்கொண்டது சிங்கம். கொடுத்தது யார் என்று அதற்குத்தானே தெரிய வேண்டும், படுத்தபடியே படிக்கட்டும் என்று மூவரும் சொல்லிவிட்டார்களாம்.

கம்பியோரம் குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அண்ணாச்சியின் பெயர் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான்கு பற்கள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன.