கசந்த இலையும் இனித்த நெற்றும்

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் ஆடுமாடுகளும் ஒரே மொழியில் சண்டைபோட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலங்கன்று ஒன்று முளைத்தது. சீமைக் கருவேலம் கடல் தாண்டி வந்த மரமாயிற்றே, அப்படியானால் இந்தக் கதை அவ்வளவு பழையதாக இருக்க முடியாதே என்று யாராவது கேட்டால், கேட்கட்டும். ஆடுகள் பேச்சை நிறுத்தியது சமீபத்தில்தான்.

அப்போது எல்லா இலையும் தித்திக்கும். கன்று துளிர் விடும், மந்தை வரும், துளிர் போய்விடும். மூன்று ஆண்டுகளாகியும் முழங்கால் உயரம்தான். ஒரு தடவையாவது பூத்துக் காய்த்துவிட வேண்டும் என்பது அதன் ஒரே ஆசை.

மந்தைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் செடியானாலும் முதல் கடி தலைக்கிடாவான கொம்பனுக்கு. அவன் ஒதுக்கியதை வேறு எந்த ஆடும் தொடக் கூடாது.

கன்றின் வேர் முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் குடியிருந்தன. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவது அவற்றின் வேலை. கருவேலமும் சேர்ந்த அவரைக் குடும்பத்துக்கு வாய்த்த வசதி அது.

“இந்தா ஆத்தா, தழைச்சத்து. தின்னுட்டு நல்லா வளரு” என்றன அவை.

“வளர மாட்டேன்.”

“வளராம?”

“இதை வச்சுக் கசப்பு காய்ச்சப் போறேன். ஒரு சொட்டு மிச்சமில்லாம இலையில ஏத்தப் போறேன்.”

“பட்டினி கிடந்து பட்டுப்போவே!”

“வளர்ந்தா அவனுக்குச் சாப்பாடு. பட்டுப்போறதா இருந்தா என் இஷ்டத்துக்குப் பட்டுப்போறேன்.”

அந்தக் கோடை முழுக்க அது ஒரு விரற்கடைகூட வளரவில்லை. அது காய்ச்சிய கசப்பு, வேதியியல் கணக்கில் மிளகின் காரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு; ஆனால் ஜாடை தெரியாது.

கொம்பன் வந்தான். “என்ன புள்ள, இன்னும் குட்டையாவே நிக்கிறே?” என்று ஒரு வாய் இழுத்தான். தாடை நின்றுவிட்டது. நுரை தள்ளியது.

“என்னடி வச்சிருக்கே இதுல?”

“நான் தின்னாம விட்டதெல்லாம் வச்சிருக்கேன். இன்னொரு வாய் எடுத்துக்கோ.”

“மிதிச்சே கொன்னுருவேன்!”

“மிதி. வேர்லேருந்து முளைப்பேன். இதைவிடக் கசப்பா முளைப்பேன்.”

பின்னால் மந்தை காத்து நின்றது. கசக்கிறது என்று சொன்னால், முழங்கால் உயரக் கன்றிடம் தோற்ற சேதி எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொம்பன் நுரையை விழுங்கிக்கொண்டு திரும்பினான்.

“இதெல்லாம் நம்ம தகுதிக்குத் திங்கிற இலையா? ஒருத்தரும் தொடாதீங்க.”

வழக்கம் வழக்கம்தானே. ஒருவரும் தொடவில்லை. கன்று மரமாயிற்று, பூத்தது, மஞ்சள் மஞ்சளாக நெற்று விட்டது.

கொம்பன் அண்ணாந்து பார்த்தான். “எங்க பங்கு எங்கே?”

“நீ கேட்டா கிடையாது. நானா உதிர்த்தா பொறுக்கிக்கோ.”

நெற்று உதிர்ந்தது. வெல்லமாக இனித்தது. விதையை மட்டும் எந்தப் பல்லுக்கும் மசியாதபடி மரம் இறுக்கி வைத்திருந்தது.

அன்று முதல்தான் ஆடு சீமைக் கருவேல இலையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நெற்றை மட்டும் ஆசை ஆசையாகத் தின்று, மரத்தை வென்றுவிட்ட மிதப்பில், அதன் விதைகளைப் புழுக்கையோடு ஊர் ஊராகப் போட்டுக்கொண்டே போகிறது.