எருக்கம்பட்டிக்குப் போன கத்தரிக்காய்

தவளைக்குறிச்சிக்கு உடையப்பன் தலைவரானது சண்டை சச்சரவில்லாமல் நடந்த காரியம். ஊரில் தலைப்பாகை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். "பாகை இருக்கிற இடத்துல தலை இருக்கும், தலை இருக்கிற இடத்துல தலைவர் இருப்பார்" என்று கொப்பையன் சொன்னான். கொப்பையன் சொன்னால் ஊர் மறுபேச்சுப் பேசாது. பட்டணம் பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்த அனுபவசாலி அவன்.

அந்த ஊரில் விளைவது கத்தரிக்காய். காலையில் கத்தரிக்காய்க் குழம்பு, மத்தியானம் அதே குழம்பு, சாயங்காலம் மாறுதலுக்குச் சுட்ட கத்தரிக்காய். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் அரண்மனைச் சேவகன் குதிரையை விட்டு இறங்காமலே ஓலையைப் படித்தான். "ஆவணி முடிவதற்குள் ஒவ்வோர் ஊரும் தன்னிடம் விளைவதை வெளியூருக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும். தனக்கு வேண்டியதை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். செய்யாத ஊரின் பெயர் மன்னரின் நாட்டுப் படத்திலிருந்து அழிக்கப்படும்."

உடையப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. ஊரை அழித்துவிட்டால் இத்தனை ஜனங்களையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அதைவிட, இல்லாத ஊருக்குத் தலைவர் என்றால் மாமியார் வீட்டில் மதிப்பார்களா?

ஊரைக் கூட்டினார்.

"ஏற்றுமதின்னா என்னப்பா?"

"வண்டியில ஏத்துறது ஏற்றுமதி. வண்டியில இருந்து இறக்குறது இறக்குமதி. பேருலயே இருக்கே அண்ணே" என்றான் கொப்பையன்.

மூன்று நாள் ஊரே ஏற்றியது, இறக்கியது. நின்ற இடத்திலேயே நின்ற மாடுகள் கொழுத்துப்போயின. நாலாம் நாள் குழம்புக்குக் காய் எடுக்க வந்த உடையப்பனின் மனைவி செவ்வந்தி, "ஏங்க, சேவகன் வெளியூருன்னு ஒண்ணு சொன்னாரே, அது எங்க?" என்று கேட்டாள்.

"அதை விட்டுட்டோம்" என்று உடையப்பன் ஒப்புக்கொண்டார். "சரி, வெளியூர்லேருந்து நமக்கு என்ன வேணும்?"

நெடுநேரம் யோசித்து, "கத்தரிக்காய்" என்றான் மொக்கையன். ஊரிலேயே பசி அதிகமுள்ளவன்.

"அது நம்மகிட்டயே இருக்கேடா."

"இப்ப இருக்கு. ஏத்தி அனுப்பிட்டா இருக்காதே. இல்லாததைத்தானே அண்ணே வாங்கணும்?"

அந்தப் பேச்சில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று உடையப்பன் தேடினார். அகப்படவில்லை. ஒரு பிஞ்சு விடாமல் பறித்து வண்டியில் ஏற்றி, கொப்பையனையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான எருக்கம்பட்டிக்குக் கிளம்பினார்.

பாதி தூரத்தில் கணவாய். ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே இன்னொரு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எருக்கம்பட்டித் தலைவர் மாசாணம். வண்டி நிறையக் கத்தரிக்காய்.

"உங்க ஊருக்குத்தான் வர்றேன்" என்றார் மாசாணம். "இதைக் குடுத்துட்டுக் கத்தரிக்காய் வாங்கணும். எங்க ஊர்ல ஒண்ணுகூட இல்ல."

"ஏன், விளையலையா?"

"நல்ல விளைச்சல். எல்லாத்தையும் இந்த வண்டியில ஏத்திட்டோம்."

உடையப்பனுக்கு மனசு இளகிவிட்டது. "எங்களுக்கும் இதே கஷ்டந்தாங்க" என்றார்.

இரண்டு வண்டிக் காயையும் அங்கேயே இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் ஒரே குவியலாகிவிட்டது தெரிந்தது. எது யார் காய்?

"கூப்பிட்டுப் பாருங்கண்ணே" என்றான் கொப்பையன். "தண்ணி ஊத்தி வளர்த்தவர் குரல் காய்க்குத் தெரியாதா?"

உடையப்பன் குனிந்து, "ஏய், தவளைக்குறிச்சி" என்று அன்பாகக் கூப்பிட்டார். ஒரு காயும் திரும்பவில்லை. மூன்று மாதம் வளர்த்த பாசம் இவ்வளவுதானா என்று குவியலைப் பார்த்துக் கேட்டார். மாசாணமும் தன் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் அசைவில்லை.

"அப்ப எல்லாம் உங்க காய்தான்" என்றார் உடையப்பன்.

"இல்ல, எல்லாம் உங்க காய்" என்றார் மாசாணம்.

இருவருக்கும் வேண்டியிருந்தது அடுத்தவர் காய். ஆகவே தகராறில்லாமல் பாதிப் பாதியாக அள்ளிக்கொண்டார்கள். வண்டியைத் திருப்ப இடமில்லாததால் நுகத்தடியைக் கழற்றி வண்டியின் பின்பக்கத்தில் கட்டி, மாடுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று தவளைக்குறிச்சியில் விருந்து. "வெளியூர்க் காய் வெளியூர்க் காய்தான். தண்ணி வேற பாருங்க" என்று மொக்கையன் நாலாவது தடவை இலையைக் காட்டினான்.

செவ்வந்தி மட்டும் ஒரு காயைக் கையில் வைத்துப் புரட்டினாள். "ஏங்க, இது நம்ம கொல்லைக் காய். நம்ம ஆடு கடிச்ச தடம் இருக்கு."

உடையப்பன் அதை வாங்கிப் பார்த்தார். "அவங்க ஊர்லயும் ஆடு இருக்கும்ல" என்றார்.

ஆவணிக் கடைசியில் சேவகன் வந்தான். என்ன ஏற்றுமதி என்று கேட்டான். கத்தரிக்காய் என்றார்கள். என்ன இறக்குமதி என்று கேட்டான். கத்தரிக்காய் என்றார்கள். சேவகன் குதிரைமேல் உட்கார்ந்தபடியே, "பெரிய பெரிய தேசங்களே அப்படித்தான் செய்யுது" என்று முனகிவிட்டு, ஊர்ப் பெயருக்கு நேரே 'சரி' என்று எழுதிக்கொண்டு போனான். உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த விளைச்சலில் ஊருக்கு வெளியூர்க் காய் இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஆனால் போன தடவை வண்டி குலுங்கிக் காயெல்லாம் கன்றிப்போயிருந்தது. உடையப்பன் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "காய் எதுக்கு அலையணும்? சாப்பிடுற வாய் போனாப் போதாதா?"

ஊரே வழக்கம்போல் குழம்பு வைத்து மூடிவிட்டு, கைக்குழந்தை முதல் எல்லோரும் எருக்கம்பட்டிக்குக் கிளம்பினார்கள். கணவாயில் எருக்கம்பட்டி ஊரே எதிரே வந்தது.

"எங்க, எல்லாரும் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் உடையப்பன்.

"விருந்துக்கு. நீங்க?" என்றார் மாசாணம்.

"நாங்களும் விருந்துக்குத்தான். நல்லாச் சாப்பிடுங்க."

கைகூப்பி ஒதுங்கி, ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போனார்கள்.

எருக்கம்பட்டியில் வீட்டுக்கு வீடு கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. ஆள் ஒருவரும் இல்லை. மொக்கையன் ஒரு சட்டியின் மூடியில் கை வைத்தான். உடையப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விருந்தாளி தானா எடுத்துப் போட்டுக்கிறது முறையில்லடா. வீட்டுக்காரங்க வந்து பரிமாறட்டும்."

தெருவில் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டார்கள். உச்சி வெயில் சாய்ந்தது. இலைகள் சுருண்டன.

"எங்கண்ணே போனாங்க இவங்க?" என்றான் மொக்கையன்.

"வழியில சொன்னாங்களே, கேக்கலையா?" என்று உடையப்பன் இலையில் மறுபடியும் தண்ணீர் தெளித்தார். "எங்கேயோ விருந்துக்குப் போயிருக்காங்க. சாப்பிட்டதும் வந்துருவாங்க."